முகக் கிரீம், குங்குமம், கண்மை: கன உலோகம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் அரசாங்கக் கிளினிக்கில் 30 வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்டு வந்தும் கேள்விகள் என்னை விடவில்லை. கோயில் வாசலில், கல்யாணப் பந்தியில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போதுகூட யாராவது கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, "மிஸ்ஸி, இது போடலாமா?" என்று கேட்கிறார்கள். எல்பில், ஈவூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கன உலோகம்னா என்ன மிஸ்ஸி? கிரீம்ல போய் இரும்பையா போடுவாங்க?

இரும்பு இல்லை. அழகுப் பொருட்களைப் பற்றிப் பேசும்போது நாம் பயப்பட வேண்டியவை முக்கியமாக நான்கு: பாதரசம், ஈயம், ஆர்செனிக், காட்மியம். உடம்புக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. இவற்றில் பெரும்பாலானவை உள்ளே போனால் சீக்கிரம் வெளியேறுவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

இவை ஒரு டப்பாவுக்குள் வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மண்ணிலிருந்து எடுத்த நிறப்பொடியோடு துளியாக ஒட்டிக்கொண்டு வருவது. யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. மற்றொன்று, வேலை சீக்கிரம் நடக்க வேண்டும், நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தெரிந்தே கலப்பது. முதல் வகையில் அளவு சொற்பம். இரண்டாம் வகையில்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வேணும்னே பாதரசத்தைக் கலக்கிறதுல அவங்களுக்கு என்ன லாபம்?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மெலனின் குறைகிறது, முகம் வெளுக்கிறது. பாதரச உப்பு மலிவு, வேலையும் வேகம். ஒரே மாதத்தில் வாடிக்கையாளர் திரும்பி வந்து இன்னும் மூன்று டப்பா கேட்கிறார். விற்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

லேபிளில் "பாதரசம்" என்று எழுதியிருக்கும் என்று தேடாதீர்கள். பெரும்பாலும் எதுவுமே எழுதியிருக்காது. எழுதினாலும் மெர்குரி, மெர்குரஸ் குளோரைடு, கலோமல் என்று ஆங்கிலத்தில் இருக்கும், மலாயில் மெர்க்குரி. இன்னொரு அடையாளம் உண்டு: "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. பாதரசம் தங்கத்தோடு கலந்து நகையைக் கெடுக்கும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. நகைக்கு ஆகாததை முகத்தில் பூசச் சொல்கிறார்கள்.

ஆனா எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. ரெண்டு வாரத்துல முகமே மாறிடுச்சு.

தங்கச்சி, அதுதான் எனக்குப் பயம். சட்டப்படி விற்கும் எந்தக் கிரீமும் இரண்டு வாரத்தில் நிறத்தை மாற்றாது. அவ்வளவு வேகமாக வெளுத்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். இல்லாவிட்டால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் என்ற மருந்துகள், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இவற்றில் ஏதாவது இருக்கலாம். மலேசிய சுகாதார அமைச்சு தடைசெய்து அறிவிக்கும் கிரீம்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவைதாம். ஒரே டப்பாவில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு.

நான் வேலையில் இருந்தபோது தோட்டத்துப் பெண் ஒருத்தி கால் வீங்கி வந்தாள். உப்பு அதிகம் சாப்பிட்டதால் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். சிறுநீர் நுரை நுரையாகப் போகிறது என்று போகிற போக்கில் சொன்னாள். சோதனைக் குச்சியை நனைத்தால் புரதம் அளவுக்கு மீறி இருந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிரீம் எதுவும் போடுறியா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு டப்பா வந்தது. மூடியில் ஒரு பூப் படம். அவ்வளவுதான், பெயர் இல்லை, முகவரி இல்லை. நிறுத்திப் பல மாதம் கழித்துத்தான் வீக்கம் முழுதாக இறங்கியது. அவளுக்கு அப்போது வயது 26. பெண் பார்க்க வந்த வீட்டில் "கலரு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதை இல்லை. கேரளாவில் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்குச் சாதாரணமாக அரிதாகக் காணப்படும் ஓர் அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் போட்டவர்கள். சிறுநீரகம் மட்டும் இல்லை: தூக்கமின்மை, கை நடுக்கம், எரிச்சல், மறதி, வாயில் உலோகச் சுவை, இவையும் பாதரசத்தின் வேலைதான். அவற்றை நாம் "டென்ஷன்" என்று தள்ளிவிடுகிறோம்.

நான் மட்டும்தானே போடுறேன். புள்ளைங்க அதைத் தொடுறதே இல்ல.

பிள்ளைகள் டப்பாவைத் தொட வேண்டியதில்லை. உங்கள் கன்னத்தில் கன்னம் வைக்கிறார்கள், உங்கள் தலையணையில் தூங்குகிறார்கள், நீங்கள் துடைத்த துண்டில் முகம் துடைக்கிறார்கள். பாதரசம் ஆவியாகவும் போகும். அமெரிக்காவில் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010-இல் இப்படி ஒரு விசாரணை நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த கிரீமைப் போட்டவர்களின் வீடுகளில், கிரீமையே தொடாத குடும்பத்தினரின் சிறுநீரிலும் பாதரசம் ஏறியிருந்தது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் இளஞ்சிவப்பாகி உரியலாம், கால் வலி என்று அழலாம், காரணமில்லாமல் எரிந்து விழலாம். வீட்டில் வெளுப்புக் கிரீம் இருந்து பிள்ளைக்கு இப்படி ஏதாவது இருந்தால், டாக்டரிடம் கிரீமைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.

டப்பாவில 'நோட்' நம்பர் போட்டிருக்கே. கவர்மெண்ட் பாத்துதானே விட்டிருக்கு?

இந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்கள் நிறைய ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலேசியாவில் மருந்துக்கும் அழகுப் பொருளுக்கும் வழி வேறு. மருந்தைப் பரிசோதித்துப் பதிவு செய்த பிறகுதான் விற்க விடுவார்கள். அதன் எண் "எம்ஏஎல்" என்று தொடங்கும். அழகுப் பொருளுக்கு அப்படி இல்லை. விற்கப்போகும் நிறுவனம், "எங்கள் பொருள் விதிகளுக்கு உட்பட்டது" என்று என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புக்குத் தானே அறிவிக்க வேண்டும். அதற்குக் கொடுப்பதுதான் "என்-ஓ-டி" என்று தொடங்கி, ஒன்பது இலக்கம் வந்து, "கே" என்று முடியும் எண். அந்த டப்பாவை யாரோ ஆய்வகத்தில் திறந்து பார்த்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பொருள் கடைக்கு வந்த பிறகு மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். பாதரசம் இருந்தால் எண்ணை ரத்து செய்து பெயரை அறிவிப்பார்கள். அதற்குள் பல பேர் முகத்தில் அது ஏறியிருக்கும்.

அதனால் எண் இருப்பது போதாது, ஆனால் எண் இல்லாவிட்டால் வாங்கவே கூடாது. எண் இருந்தால் என்.பி.ஆர்.ஏ. இணையப் பக்கத்தில் அதைத் தட்டிப் பாருங்கள். பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் உங்கள் டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எவனோ ஒருவனுடைய ஷாம்பு எண்ணைத் தன் கிரீமில் அச்சடித்தவர்கள் இருக்கிறார்கள். இதைப் பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சரி, எவ்வளவு இருந்தா தப்பில்ல? கணக்காச் சொல்லுங்க.

ஆசியான் எனப்படும் தென்கிழக்காசிய நாடுகளில் அழகுப் பொருளுக்கென்று ஒரே விதி 2008-இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி ஈயம் 20 பிபிஎம், ஆர்செனிக் 5, காட்மியம் 5, பாதரசம் 1. இதற்கு மேல் இருக்கக் கூடாது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தோட்டக் கணக்கில் சொன்னால், ஒரு டன் செம்பனைக் குலையில் ஒரு கிராம். துப்புரவாக எடுத்துவிட முடியாத மண் தூசிக்காக விட்ட இடம்தான் அது. "இவ்வளவு போட்டுக்கொள்ளலாம்" என்று கொடுத்த அனுமதி இல்லை.

இப்போது கலப்படக் கிரீமைப் பாருங்கள். மேலே சொன்ன கலிபோர்னியா கிரீம்களில் பாதரசம் சதவீதக் கணக்கில் இருந்தது, அதாவது பல்லாயிரம் பிபிஎம். ஒன்று எங்கே, பல்லாயிரம் எங்கே! அழகுப் பொருளில் பாதரசத்தைச் சேர்ப்பதையே உலக நாடுகள் ஒழிக்க முடிவு செய்திருக்கின்றன. பாதரசத்துக்கென்றே உள்ள மினமாட்டா உடன்படிக்கையில் முதலில் 1 பிபிஎம் வரை விட்டிருந்தார்கள். 2023-இல் அந்த விலக்கையும் எடுத்துவிட்டு 2025-ஐக் கெடுவாக வைத்தார்கள். மினமாட்டா என்பது ஜப்பானில் தொழிற்சாலைப் பாதரசம் கடலில் கலந்து, மீன் சாப்பிட்ட மக்கள் முடங்கிப்போன ஊர்.

குங்குமத்திலயும் ஈயம்னு சொல்றாங்களே. பொட்டு வைக்காம இருக்க முடியுமா?

பொட்டு வைப்பதை விடச் சொல்லவில்லை. நானும் வைக்கிறேன். எந்தக் குங்குமம் என்பதுதான் கேள்வி. நம் பாட்டிமார் வைத்த குங்குமம் மஞ்சளிலிருந்து வந்தது. குண்டு மஞ்சளை வெண்காரத்தோடும் எலுமிச்சைச் சாற்றோடும் ஊறவைத்து, காயவைத்து இடிப்பார்கள். காரம் பட்டதும் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். இந்தச் சிவப்பு சற்று அடங்கியதாக இருக்கும், வெயில் பட்டால் மங்கும். அதற்குப் பதிலாகக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்பு வேண்டும், மங்கவும் கூடாது, விலையும் குறைய வேண்டும் என்றால் சிலர் சிவப்பு ஈயத்தைக் கலக்கிறார்கள். வடநாட்டுப் பெண்கள் வகிட்டில் வைக்கும் சிந்தூரில் இது அதிகம். இங்கே ஒரே தட்டில் குங்குமம் என்றும் சிந்தூர் என்றும் கலந்து விற்கிறார்கள்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். பத்தில் எட்டில் கிராமுக்கு 1 மைக்ரோகிராமாவது ஈயம் இருந்தது. அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மாதிரிகளில் 10,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. அந்த மூன்றும் கடையில் மற்றவற்றோடு பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

ஈயம் நெற்றித் தோல் வழியாக அவ்வளவாக உள்ளே போகாது. அது விரல் வழியாக வாய்க்குப் போகிறது. பொட்டு வைத்த விரலால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். நெற்றியிலிருந்து உதிர்ந்தது மூக்கில், உதட்டில் விழுகிறது. தாலியில் வைத்த குங்குமத்தைக் கைக்குழந்தை பிடித்துச் சப்புகிறது. நான் செய்வது இதுதான்: மஞ்சளில் செய்தது என்று தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குகிறேன், கிலோக் கணக்கில் பெயரில்லாமல் கட்டி விற்பதைத் தொடுவதில்லை, வைத்ததும் கை கழுவுகிறேன். குழந்தை உள்ள வீட்டில் ஒட்டும் பொட்டு நல்லது. ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன்: கோயிலுக்கு மூட்டையாக வரும் மலிவுக் குங்குமத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் அடுத்த முறை வாங்கும்போது, எதில் செய்தது என்று வியாபாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிள்ளைக்குக் கண்மை வச்சாதான் கண்ணு பெருசாகும்னு எங்க ஆத்தா சொல்லுது. வைக்கலாமா?

கண்ணுக்குள் வைக்க வேண்டாம். மை வைத்துக் கண் பெரிதாவதில்லை. விளக்குப் புகைக்கரியை நெய்யில் குழைத்து வீட்டில் செய்யும் மையில் ஈயம் இல்லை, ஆனால் கிருமி தொற்றும். உண்மையான ஆபத்து சுர்மா என்றும், சில இடங்களில் சேலாக் என்றும் கல்லைப் பொடித்து விற்பது. பளபளக்கும் அந்தக் கருங்கல் பல நேரம் கலீனா, அதாவது ஈயத்தின் தாதுவேதான். கலப்படம் என்றுகூடச் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் ஈயமாகவே இருந்த மாதிரிகள் உண்டு. கண்ணில் வைத்தது கண்ணீரோடு மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். கை கசக்கும், அந்தக் கை வாய்க்குப் போகும். புனித யாத்திரை போனவர்கள் அன்போடு வாங்கி வந்து கொடுப்பதாலும் இது வீட்டுக்குள் வருகிறது. வாங்கி நன்றி சொல்லுங்கள், குழந்தைக்கு மட்டும் வைக்காதீர்கள்.

ஆத்தாவிடம் சண்டை போடாதீர்கள். திருஷ்டிக்கென்றால் வீட்டு மையால் உள்ளங்காலில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், காலுறை மாட்டிவிடுங்கள். அவருக்கும் மனம் ஆறும்.

லிப்ஸ்டிக்ல ஈயம் இருக்கு, மோதிரத்தால உரசினா கறுக்கும்னு வாட்சாப்ல வந்துச்சே?

அந்தச் செய்தி பொய். லிப்ஸ்டிக் மெழுகில் எதை உரசினாலும் கறை தெரியும், அதற்கும் ஈயத்துக்கும் சம்பந்தமில்லை. லிப்ஸ்டிக்கில் துளி ஈயம் இருப்பது உண்மைதான், முதல் கேள்வியில் சொன்ன மண் தூசி வகை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 400 லிப்ஸ்டிக்கைச் சோதித்ததில் சராசரி 1.11 பிபிஎம், அதிகபட்சம் 7.19. பெயருள்ள நிறுவனத்தின் லிப்ஸ்டிக்கைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக நான் யாரையும் திட்டமாட்டேன். மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) பெயரில்லாமல் விற்கும் போலிகளை மட்டும் விட்டுவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பூசி விளையாடக் கொடுக்காதீர்கள்.

ஈயத்தையோ பாதரசத்தையோ வீட்டில் கண்டுபிடிக்க நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. மோதிரம், சுண்ணாம்பு, தண்ணீர் என்று எது வந்தாலும் நம்பாதீர்கள். ஆய்வகத்தில்தான் தெரியும்.

மஞ்சள் பூசிக் குளிக்கிறோம், விபூதி பூசுறோம். இதையும் சந்தேகப்படணுமா?

மஞ்சளைச் சந்தேகப்பட வேண்டியதில்லை, அதன் பளபளப்பைச் சந்தேகப்படுங்கள். வங்காளதேசத்தில் மஞ்சள் கிழங்கு பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைத் தேய்த்தது 2019-இல் வெளிவந்த ஆய்வுகளில் நிரூபணமானது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் அந்த மஞ்சளிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். முழுக் கிழங்கு வாங்கினால் தப்பிக்கலாம் என்று சொல்ல முடியவில்லை, சாயம் பூசியதே கிழங்கின் மேல்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி மஞ்சள் போட இடம் இருந்தால் போடுங்கள். அதைவிட நல்ல மஞ்சள் கிடையாது.

விபூதி சுத்தமான சாணச் சாம்பலாக இருந்தால் சரி. வாயில் போடும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். அமெரிக்காவின் பாஸ்டன் மருத்துவர்கள் 2010-இல் இந்தியாவிலிருந்து வந்த மசாலாப் பொடிகளையும் பூசைப் பொடிகளையும் சோதித்தபோது, பூசைப் பொடிகளில்தான் ஈயம் அதிகமாக இருந்தது.

ஹெர்பல், இயற்கை, சித்த முறைன்னு போட்டிருந்தா பயமில்லைதானே?

பாதரசமும் ஈயமும் இயற்கைதான். மண்ணிலிருந்து வந்தவைதான். "இயற்கை" என்ற சொல்லுக்கு டப்பாவின் மேல் எந்தச் சட்ட அர்த்தமும் இல்லை. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. நம் மருத்துவ முறையை நான் தாழ்த்திப் பேசவில்லை. என் அம்மா கைமருந்திலேயே எங்களை வளர்த்தார். ஆனால் பற்பம், செந்தூரம் என்பவை உலோகத்தைப் புடம் போட்டுச் செய்பவை. அவற்றை ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள் என்று வாங்கிச் சாப்பிடக் கூடாது. இங்கே பதிவான பாரம்பரிய மருந்துக்கு "எம்ஏஎல்" எண்ணும் கடைசியில் "டி" எழுத்தும் இருக்கும்.

வாசனை ஸ்ப்ரேல அலுமினியம், கறுப்பு மருதாணி, பவுடர்?

அலுமினியம் கன உலோகம் இல்லை, அதனால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்றும் இல்லை. கறுப்பு மருதாணி கொப்புளம் போடுவது தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தால். அது உலோகம் இல்லை, ஆனாலும் போடாதீர்கள். டால்கம் பவுடரில் உள்ள பிரச்சினை ஆஸ்பெஸ்டாஸ் பற்றியது, அது வேறு கதை.

ரொம்ப வருஷமா போட்டுட்டேன். ரத்தம் எடுத்துப் பாக்கணுமா?

எதைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளுப்புக் கிரீம் என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. புரதம் போகிறதா என்பதை அரசாங்கக் கிளினிக்கிலேயே குச்சி வைத்துப் பார்த்துவிடலாம், நமக்கு ஒரு வெள்ளிதான். பாதரச அளவையும் இந்த மாதிரி விஷயத்தில் சிறுநீரில்தான் அளப்பார்கள். சுர்மா, சந்தேகமான குங்குமம் என்றால் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தொடும்.

போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கும் மருந்து உண்டு, ஆனால் அதைக் கொடுப்பது டாக்டர் முடிவு. "டிடாக்ஸ்" என்று விற்கும் தேநீரும் கால் பட்டையும் எதையும் எடுக்காது.

நிறுத்தினா பழையபடி கறுத்துடுமே, அதான் விட முடியல.

உண்மை, கறுக்கும். முதல் சில வாரம் முன்பைவிடக் கறுத்த மாதிரியும் தெரியும். மெலனின் திரும்பி வருகிறது, தோல் தன் வேலையைச் செய்கிறது. கிரீமில் ஸ்டீராய்டும் இருந்திருந்தால் முகம் சிவந்து பரு பொங்கும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் பயந்து மறுபடி டப்பாவைத் திறக்கிறார்கள். திறக்காதீர்கள், கிளினிக்குக்கு வாருங்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தொப்பியும் வெயில் கிரீமும் போதும். பாதரசம் உடம்பை விட்டுப் போகச் சில மாதம் பிடிக்கும்.

மாசமா இருக்கேன். முன்னாடி போட்டது புள்ளையைப் பாதிக்குமா?

பாதரசமும் ஈயமும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். ஈயம் எலும்பில் பல வருடம் தங்கி, கர்ப்பத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து எடுக்கும்போது கூடவே வெளிவரும். அதனால் இன்றே நிறுத்துங்கள், அடுத்த தாய்சேய்ப் பரிசோதனையில் மறக்காமல் சொல்லுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுங்கள்.

மிச்சக் கிரீமை என்ன பண்றது? லயத்துக்குப் பின்னாடி குப்பையோட எரிச்சுடவா?

எரிக்கவே கூடாது. பாதரசம் ஆவியாகி மூச்சில் போகும், பூசியதைவிட மோசம். சிங்க்கில் கழுவி ஊற்றவும் வேண்டாம். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாநில சுகாதார இலாகாவின் மருந்து அமலாக்கப் பிரிவிடம் கொடுங்கள். அது சாட்சியும்கூட. தலையணை உறையையும் முகம் துடைத்த துண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

விக்கிறதே எங்க அண்ணிதான். புகார் கொடுத்தா அவங்க ஜெயிலுக்குப் போயிடுவாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் அழுதுகொண்டே கேட்டாள். நம் ஊரில் இந்தக் கிரீமைப் பெரும்பாலும் தெரியாத ஆள் விற்பதில்லை. அண்ணி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, ஏஜெண்டாகச் சேர்ந்து மாதம் நூறு இருநூறு வெள்ளி பார்க்க நினைத்தவர்கள். அவர்களுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, தாங்களும் அதையே பூசிக்கொள்கிறார்கள்.

சட்டம் கடுமையானதுதான். 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நிறுவனம் என்றால் 50,000 வெள்ளி வரை. தெரியாமல் விற்றேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று அண்ணி நினைக்க வேண்டாம். அதனால் புகாருக்கு முன்னால் அண்ணியிடம் நேராகப் பேசுங்கள். "உங்களைக் குறை சொல்ல வரல அண்ணி, நீங்களும் இதைத்தானே போடுறீங்க, வாங்க முதல்ல உங்க சிறுநீரைப் பாத்துட்டு வரலாம்" என்று தொடங்குங்கள். தோட்டத்தில் மருந்து அடித்த பெண்கள் எங்கள் காலத்தில் பீப்பாயில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பல வருடம் தயங்கினார்கள். கேட்கத் தொடங்கிய பிறகுதான் கையுறை வந்தது. அண்ணியும் தனக்கு மேலே இருக்கும் ஆளிடம் அதைக் கேட்கட்டும். பதில் வராது, அப்போது அவருக்கே புரியும்.

அவர் விற்பதை நிறுத்தினால், மிச்சமிருக்கும் பெட்டியை ரகசியமாகத் தூக்கி எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரே அமலாக்கப் பிரிவுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது, அவர்கள் தேடி வருவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. நீங்களும் கூடப் போங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்சாப் செய்திகளையும் அழித்துவிடாமல் எடுத்துப் போங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது அதில்தான் இருக்கிறது.